சராசரி

திருச்சி மன்னார்புரத்தை அடுத்த காஜாமலை விளையாட்டரங்கிலாயினும் கடல்கடந்த பேஸ்பால் மைதானத்திலாயினும், ஒரு பருவத்தில் ஓர் ஆட்டக்காரரின் திறத்தை மதிப்பிடுவோர் முதலில் வினவும் ‘சராசரி’ என்னும் பதத்தை, சரமும் அசரமும் சேர்ந்த சராசரம் என்ற வடசொல்லோடு ஒலியொப்புமை பற்றி மயங்குதலாகாது. பாரசீகத்தில் ‘ஸர்’ என்பது தலை. தலைமுதல் தலைவரை, அதாவது முழுமையும், என்று பொருள்படும் ‘ஸராஸர்’ என்பதினின்று பிறந்து, உருதுவின் வாயிலாக, ஜமாபந்தி, வசூல், பாக்கி முதலிய கணக்குச் சொற்களின் இனமாய்த் தமிழில் குடியேறியது இது.

கோடிமுதல் கோடிவரை கூட்டியதை எதனால் வகுப்பது என்பதிலேதான் நுட்பம் இருக்கிறது. கிரிக்கெட் டெஸ்ட் பந்தயங்களில் ஆஸ்திரேலிய வீரர் பிராட்மன் 80 இன்னிங்ஸில் எடுத்த 6996 ஓட்டங்களை, அவர் ஆட்டமிழந்த 70 தடவையால் வகுத்தே 99.94 என்கிறோம், 80ஆல் வகுத்தால் 87.45தான். 1941இல் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் 456 வாய்ப்புகளில் 185 வெற்றியடிகள் பெற்று .406 என்னும் சராசரியை எய்தினார். பொறுமையாக நின்று, அடிக்காமலே முதல் தளத்தை அடைந்த தருணங்கள் அந்த 456இல் சேரா. அது பெருங்குறையே என்பது என் துணிபு. ஆதலின் அன்பர்களே, சராசரியைக் கேட்கும்போது வகுத்த எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.