நட்லியிலிருந்து சித்தூருக்கு ஒரு சின்ன மாத்திரை

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தூரில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேத்தியின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். திருமலையில் நடந்த கல்யாணம். ஒரு படத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் அரக்குப் பட்டில் சிரித்துக்கொண்டு நிற்பது பெரியம்மாவேதான். அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தவர் மெதுவாகக் கேட்டார்.

"மலை ஏறினது ஞாபகம் இருக்குது கண்ணு. தாலி கட்டினதை நான் பாக்கலையே. தூங்கிட்டேனா?"

தூங்கவில்லை. அட்சதை போட்டார், அழுதார், பந்தியில் நின்று எல்லோரையும் விசாரித்தார். வீடியோவில் எல்லாம் இருக்கிறது. அவர் தலைக்குள் மட்டும் இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு இது புதுசு இல்லை. சனிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவேன். "சாப்ட்டியா கண்ணு? அங்க இப்ப மணி என்ன?" என்று ஆரம்பிப்பார். அஞ்சு நிமிஷத்தில் அதே கேள்வி மறுபடி வரும். வைப்பதற்கு முன் இன்னொரு தடவை. போனை வைத்துவிட்டு தங்கமணியிடம் "எழுபத்திரண்டு ஆச்சில்ல, வயசு" என்று சொல்லிவிட்டு என் பொட்டி தட்டும் வேலைக்குத் திரும்பிவிடுவேன். ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

ஆல்பம் விஷயத்துக்கு அப்புறம்தான் பயந்துபோய் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஸ்கேன் கீன் என்று நீட்டுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "வீட்ல இருக்கிற மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டு வாங்க." பி.பி.க்கு ஒன்று, சர்க்கரைக்கு ரெண்டு. அவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன மாத்திரை அட்டை. அல்பிரசோலம், அரை மில்லிகிராம். பெரியப்பா தவறிய புதிதில் தூக்கமில்லை, படபடப்பு என்று யாரோ சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு பத்திரமாக வைத்திருந்தார். மருந்துக்கடையில் காட்டினால் போதும், கொடுத்துவிடுவார்களாம். பதினோரு வருஷம்! ராத்திரி ஒன்று, மனசு சரியில்லாத நாளில் இன்னொன்று. மலைப்பாதை வளைவு என்றால் பெரியம்மாவுக்குப் பயம். கல்யாணத்தன்று காலையில் அந்த இன்னொன்றும் உள்ளே போயிருக்கிறது.

சரி, கொசுவத்தி சுற்றியது போதும். வரலாற்றுக்கு வருவோம். இந்த மாத்திரை வம்சத்தின் பிறந்த வீடு, நான் குப்பை கொட்டுகிற நியூஜெர்சியில் என் ஆபீஸ் வழியில்தான் இருக்கிறது என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

ரூட் 3 நெடுஞ்சாலையை ஒட்டி நட்லி என்று ஒரு ஊர். ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியின் பெரிய வளாகம் அங்கே இருந்தது. 2012ல் மூடப்போவதாக அறிவித்துவிட்டு அதற்கடுத்த வருஷம் கிளம்பிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. 1941ல் அங்கே வந்து சேர்ந்தவர் லியோ ஸ்டெர்ன்பாக். போலந்து யூதக் குடும்பம். ஹிட்லர் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து தப்பி வந்த வேதியியலாளர். ஆக அவரும் நம்மை மாதிரி ஊரை விட்டு வந்த ஆசாமிதான் (என்ன, நாம் விசா வாங்கிக்கொண்டு சொகுசாக வந்தோம்).

1955ல் மெப்ரோபமேட் என்ற மருந்து மில்டவுன் என்ற பெயரில் கடைக்கு வந்து அமெரிக்காவைக் கலக்கியது. மனசு படபடப்புக்கு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்பதே அப்போது புது எண்ணம். அதே மாதிரி ஒன்று நமக்கும் வேண்டும் என்று ரோஷ் கேட்டது. ஸ்டெர்ன்பாக் தன் பழைய சாயப்பொருள் ஆராய்ச்சியைத் தூசி தட்டி வரிசையாகச் செய்து பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. 1957ல் பரிசோதனைக்கூடத்தை ஒழித்துக் கட்டும்போது, சோதிக்கப்படாமல் கிடந்த ஒரு பொடி கண்ணில் பட்டது. கடைசியாக இதையும் பார்த்துவிடுவோம் என்று அனுப்பினார்கள். லோவல் ராண்டல் அதை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது முழிப்பு கெடாமலே அவை சாந்தமாகிவிட்டன. அதுதான் குளோர்டயசிபாக்சைடு. 1960ல் லிப்ரியம் என்ற பெயரில் வந்தது. 1963ல் அதன் தம்பி டயசிபாம், வேலியம் என்ற பெயரில். 1978ல் மட்டும் அமெரிக்காவில் விற்ற வேலியம் மாத்திரைகள் சுமார் 230 கோடி. காப்புரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததற்கு ஸ்டெர்ன்பாக்குக்குக் கிடைத்தது ஒரு டாலர். 2005ல் காலமானார்.

பெரியம்மாவின் அல்பிரசோலம் நட்லியில் பிறந்ததல்ல. மிச்சிகனில் இருந்த அப்ஜான் கம்பெனியின் சரக்கு. 1981ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. ஆனால் வம்சம் அதேதான், பென்சோடயசிபீன்.

இந்த மாத்திரைகள் மறதி தரும் என்பது நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1960களிலேயே டாக்டர்களுக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமில்லை, அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் செய்தார்கள். இதயத் துடிப்பைச் சரிசெய்ய நெஞ்சில் மின் அதிர்ச்சி கொடுக்கும்போதும், ஆபரேஷனுக்கு முன்னாலும் டயசிபாம் ஊசி போட்டால் நோயாளிக்கு அந்தக் கொடுமை பிற்பாடு நினைவிருக்காது. 1970களில் அதே நட்லியில் உருவான மிடசோலம் இன்றைக்கும் எண்டோஸ்கோப்பி அறைகளில் இருப்பதற்கு அந்த மறதியும் ஒரு காரணம். யோசித்துப் பாருங்கள். ஆபரேஷன் தியேட்டரில் இந்த மறதிக்குப் பெயர் நன்மை. அதே மறதி வீட்டுக்கு வந்தால் அதற்கு நாம் வைக்கும் பெயர் வயசு!

எப்படி நடக்கிறது? மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள். நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்காமல் பிடிக்கும் பிரேக் அது. இந்த மாத்திரைகள் அந்தப் பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திவிடுகின்றன. இவை போய் உட்கார மூளையில் தனி இடங்கள் உண்டு என்பது 1977ல் தெரிந்தது. படபடப்பு அடங்குவது அதனால்தான். ஆனால் புது நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் அதே பிரேக் இருக்கிறதே. டைரியில் ஏற்கெனவே எழுதிய பக்கங்கள் பத்திரமாக இருக்கும். இன்றைய பக்கத்தில் பேனா சரியாக எழுதாது.

அதனால்தான் எங்கள் கண்ணில் இது படவில்லை. 1960ல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது, அதைப் பற்றித் தாத்தா திண்ணையில் போட்ட சண்டை எல்லாவற்றையும் பெரியம்மா புட்டுப் புட்டு வைப்பார். காலையில் சாப்பிட்டது இட்லியா உப்புமாவா என்றால் முழிப்பார். 'பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, புதுசுதான் நிக்கல' என்பதை நம்மூரில் முதுமை என்றுதானே எடுத்துக்கொள்வோம்?

சாப்பிடுகிறவருக்காவது தெரியுமா என்றால், அதுவும் பெரும்பாலும் தெரியாது. 1987ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சுவாரசியமான கட்டுரை வந்தது. விமானத்தில் தூங்குவதற்காக இதே வம்சத்து டிரையசோலம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கூடவே கொஞ்சம் மதுவும் குடித்த நரம்பியல் விஞ்ஞானிகளின் கதை. இறங்கினார்கள், நடந்தார்கள், பேசினார்கள். பிற்பாடு யோசித்தால் அந்தச் சில மணி நேரங்கள் அப்படியே காணோம். 'பயணியின் மறதி' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மூளையைப் படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், சித்தூர் பெரியம்மா எம்மாத்திரம்?

இந்தியாவுக்கு இந்த வம்சம் வந்தது 1960களில். ரான்பாக்ஸியின் காம்போஸ் அந்தக் காலத்துக் குடும்பங்களில் தெரிந்த பெயர். 1970ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்று சொன்னது. அதனால் நம்மூர்க் கம்பெனிகள் எல்லாம் வேறு வழியில் செய்து மலிவாக விற்க முடிந்தது. ஏழை நாட்டுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரை வந்து சேர்ந்த வேகத்தில் எச்சரிக்கை வந்து சேரவில்லை. பிரிட்டனில் 1988லேயே மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. இந்தியாவில் 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த எச்1 பட்டியலில் அல்பிரசோலமும் டயசிபாமும் உண்டு. சீட்டு எழுதியவர் யார், வாங்கியவர் யார் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூணு வருஷம் வைத்திருக்க வேண்டும். பெரியம்மாவின் பிளாஸ்டிக் கவர் அதற்குப் பிறகும் செல்லுபடி ஆகிக்கொண்டுதான் இருந்தது.

தெலுங்கு தேசத்தில் இதற்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. பனை, ஈச்ச மரத்துக் கள் போதாத இடங்களில் தண்ணீரில் சாக்கரின் கலந்து, போதைக்கு டயசிபாமும் அல்பிரசோலமும் போட்டு விற்கிற கள்ளு. முக்கியமாகத் தெலங்கானாவில். 2015ல் அங்கே அரசாங்கம் நெருக்கிப் பிடித்தபோது, திடீரென்று கலப்படக் கள் கிடைக்காமல் போனவர்கள் நடுக்கம், பிதற்றல், வலிப்பு என்று ஆஸ்பத்திரிகளை நிறைத்தார்கள். தாங்கள் இத்தனை நாள் குடித்தது டென்ஷன் மாத்திரைக் கரைசல் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

சரி, நிறுத்தினால் மூளை திரும்புமா? 2004ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்கள், சோதித்த 12 வகை அறிவுத் திறன்களிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். நிறுத்தியபின் முன்னேற்றம் உண்டு. ஆனால் ஆறு மாதம் வரை பார்த்ததில் முழுசாக மற்றவர்களை எட்டவில்லை.

டிமென்ஷியாவே வருமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பிரான்சில் 1063 முதியவர்களைத் தொடர்ந்து பார்த்து 2012ல் வந்த ஆய்வும், கனடாவின் கியூபெக்கிலிருந்து 2014ல் வந்த ஆய்வும் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு என்றன. வாஷிங்டன் மாநிலத்தில் 3434 பேரைப் பார்த்த 2016ம் வருஷத்து ஆய்வு, மிக அதிகம் சாப்பிட்டவர்களிடம் அப்படி ஒரு கூடுதல் ஆபத்து இல்லை என்றது. டிமென்ஷியாவின் ஆரம்பமே தூக்கமின்மையாகவும் பதற்றமாகவும் வரலாம். அதற்காகத்தான் மாத்திரை எழுதுகிறார்கள். அப்புறம் எது காரணம், எது விளைவு என்று எப்படிப் பிரிப்பது? ஆக, பயமுறுத்தும் வாட்ஸப் பார்வர்டுகளை நம்ப வேண்டாம். அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

எங்கள் ஊரிலிருந்து வேலூர் பக்கம்தான். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957ல் தொடங்கியது. நோயாளியோடு வீட்டு மனுஷர் ஒருவரும் தங்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முன்பு அதைச் செலவு மிச்சம் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. மறந்துபோனவருக்குத் தான் மறந்தது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் எல்லாம் நியூஜெர்சியில், ஹைதராபாத்தில், பெங்களூரில். வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, மூணு தரம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, வயசு என்று தீர்ப்பு எழுதியவன் நான். மாசாமாசம் 'மருந்து செலவுக்கு' என்று பணம் அனுப்பியதும் நானேதான்.

அந்த டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல மாதங்களில் குறைத்தார். நடுவில் தூக்கமில்லாத ராத்திரிகள், அழுகை, "அந்த மாத்திரையைக் குடுத்துடுங்கப்பா" என்ற கெஞ்சல். எல்லாம் அக்காதான் பட்டாள். இப்போது பெரியம்மா சனிக்கிழமை போனில் ஒரு தடவைதான் கேட்கிறார். சில வாரம் ரெண்டு தடவை. போன வாரம், "நீ முந்தா வாரம் இருமிட்டே பேசினியே, சளி போச்சா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சளியால் இல்லை.

தாலி கட்டிய காலை மட்டும் திரும்பவில்லை, இனி திரும்பவும் திரும்பாது. அது அழிந்த பக்கம் இல்லை, எழுதப்படாத பக்கம். ஆல்பத்தைப் பார்த்து, "இதோ நான் சிரிக்கிறேன் பாரு" என்று மற்றவர்களுக்குக் காட்டுகிறாராம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையும் எதற்கு, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். பெட்டியில் சாக்லேட் கொண்டுபோவதைவிட உருப்படியான காரியம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இந்த மாத்திரைகள் சரியான ஆளுக்கு, சரியான அளவில், சில நாட்களுக்கு உண்மையிலேயே உதவுபவை. ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே தூக்கி எறிந்துவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டரைக் கேட்டு, மெதுவாக.