உப்பிட்டவர் உண்ணாத உணவு

மன்னர் முடிசூடிய ஆண்டு நமக்கு மனப்பாடம். அவர் மாண்ட ஆண்டும் மனப்பாடம். ஆனால், மக்கள் எதை உண்டார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள், வாங்க வழியற்றபோது என்ன செய்தார்கள் என்று கேட்டால் பாடநூல் வாய் திறப்பதில்லை. பாடநூல் விட்டுவைத்த பக்கம் ஒன்றை இன்று புரட்டுவோம்.

நியூயார்க் நகரில் 'டெலி' என்றழைக்கப்படும் யூதர் உணவுக் கடைகள் பெயர் பெற்றவை. 'பிரிஸ்கெட்' எனப்படும் மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சியை நாட்கணக்கில் உப்புநீரில் ஊறவைத்து, நெடுநேரம் வேகவைத்து, மெல்லிய துண்டுகளாக அரிந்து, ரை ரொட்டிக்கு நடுவே அடுக்கித் தருவர். அதன் பெயர் கார்ன்டு பீஃப். 'கார்ன்' என்பது இங்கே சோளமன்று. தானிய மணி போன்றிருந்த உப்புக் கல்லைக் குறித்த பழஞ்சொல். கனடாவின் மான்ட்ரியல் நகரிலோ இதே நெஞ்சுக்கறி, மசாலை ஏறிப் புகையுண்டு, 'ஸ்மோக்டு மீட்' ஆகிறது. ருமேனியாவிலிருந்து வந்த ரூபன் ஸ்வார்ட்ஸ் 1928இல் அங்கே தொடங்கிய கடைக்கு இன்றும் கூட்டம் குறையவில்லை. ஊருக்கொரு பக்குவம், பக்குவத்துக்கொரு பெருமை!

அமெரிக்காவில் வாழும் ஐரிஷ் வழியினர், மார்ச் 17ஆம் நாள், புனித பேட்ரிக் திருநாளன்று, கார்ன்டு பீஃபை முட்டைக்கோசுடன் உண்கின்றனர். கேட்டால், "எம் முன்னோர் வழக்கம்" என்கின்றனர். முன்னோர் வழக்கமா? அந்த முன்னோரின் நாட்டுக்கே சென்று பார்ப்போம்.

அயர்லாந்தில் மாடு செல்வம். பாலுக்கும் வெண்ணெய்க்கும் ஊற்று. அந்த மாடுகளை இங்கிலாந்துக்கு ஓட்டிச் சென்று விற்றார்கள். ஆங்கிலேயப் பண்ணையார்களுக்கு அது பொறுக்கவில்லை. 1663இல் நாடாளுமன்றம் ஐரிஷ் மாடுகளின் மீது கடும் வரி விதித்தது. 1667இல் இறக்குமதியையே தடை செய்தது. உயிரோடு விற்க முடியாத மாட்டை வெட்டி, உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தார்கள். கார்க் என்னும் துறைமுக நகரம் அத்தொழிலால் கொழித்தது. பீப்பாய்கள் ஆங்கிலேயக் கடற்படைக்குச் சென்றன. அடிமைகள் வாடிய மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்றன.

உப்பிட்டவன் என்ன உண்டான்? உருளைக்கிழங்கு! அவன் கைபட்ட இறைச்சி கடல் கடந்தது. அவன் வாய்க்கு எட்டவில்லை. 1845இல் நோய் தாக்கி, அந்தக் கிழங்கும் மண்ணிலேயே அழுகியது. பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினர். அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து உணவுப் பொருள்கள் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. விளைந்தது போதாமலா மக்கள் மடிந்தனர்? வாங்கக் காசில்லாமல் மடிந்தனர்!

ஓடியவர்களில் பலர் நியூயார்க்கில் கரையேறினர். 1881இல் ருஷ்யப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதையடுத்து யூதர்மீது படுகொலைகள் ஏவிவிடப்பட்டன. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்களும் கூட்டங்கூட்டமாக அதே நகரை நாடினர். அவர்களுடைய 'கோஷர்' விதிப்படி மாட்டின் பின்பகுதியில் விலக்கப்பட்ட நரம்பையும் கொழுப்பையும் நீக்குவது பெரும்பாடு. எனவே யூதர் கடைகளில் முன்பகுதி இறைச்சியே மிகுதி. நெஞ்சுக்கறி கடினமானது, எனவே மலிவானது. உப்பும் பொறுமையும் அதை மிருதுவாக்கின. ஊரில் ஓய்வுநாளன்று மட்டும் இறைச்சி கண்ட ஏழை யூதன், இங்கே வாரநாளிலும் கண்டான். ஐரிஷ்காரனும் யூதர் கடையில் அதை வாங்கினான். தாய்நாட்டில் எட்டாத உணவு, அயல்நாட்டில், அயல் மதத்தான் கடையில் கிடைத்தது! இதுதான் "முன்னோர் வழக்கம்" பிறந்த கதை.

கிடைத்ததும் எளிதில் நிலைக்கவில்லை. அமெரிக்க இறைச்சி வாணிபம் ஒரு சில பெருநிறுவனங்களின் பிடியில் இருந்தது. 'பீஃப் டிரஸ்ட்' என்று மக்கள் அதை வெறுப்போடு அழைத்தனர். 1902ஆம் ஆண்டு மே திங்களில் கோஷர் இறைச்சியின் விலை, பவுண்டுக்கு 12 சென்டிலிருந்து 18 சென்டாகத் தாவியது. சிறு கடைக்காரர்கள் கடையடைத்துப் பார்த்தனர், பயனில்லை. அப்போது எழுந்தனர் பெண்கள்! சமையலறையே உலகம் என்று எண்ணப்பட்ட யூதத் தாய்மார்கள், மே 15 அன்று லோயர் ஈஸ்ட் சைட் வீதிகளை நிறைத்தனர். ஏறத்தாழ 20,000 பேர் திரண்டதாகச் செய்திகள் கூறின. இறைச்சியைப் பறித்து வீதியில் வீசினர். மண்ணெண்ணெய் ஊற்றிக் கெடுத்தனர். 85 பேர் கைதாயினர். அவர்களுள் 70 பேர் பெண்கள். ஓய்வுநாளன்று ஜெபாலயங்களுக்குள் புகுந்து, வேதம் ஓதுவதை நிறுத்தி, தம் வழக்கை முன்வைத்தனர். ஃபேனி லெவி, சேரா எடெல்சன் என்ற இருவர் முன்னின்றனர். ஜூன் திங்களில் விலை 14 சென்டுக்கு இறங்கியது. பின்னர் அது மெல்ல ஏறியது உண்மைதான். எனினும், அடுப்படியிலிருந்து வீதிக்கு வந்த கால்கள் மீண்டும் பழைய இடத்தில் அடங்கவில்லை. வாடகை உயர்வை எதிர்த்தும் கூலி கேட்டும் அடுத்த ஆண்டுகளில் அதே வீதிகள் அதிர்ந்தன.

இன்னொரு செய்தியும் உண்டு. 2017இல் மார்ச் 17, தவக்கால வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று இறைச்சி உண்பது கத்தோலிக்க விதிக்கு விலக்கு. என்ன நடந்தது? அமெரிக்காவின் பல மறைமாவட்டங்களில் ஆயர்கள் அந்த ஒரு நாளுக்கு விதியைத் தளர்த்தினர். மாற்றவே முடியாதது என்பர் விதியை. மக்கள் மனம் வைத்தால் மாறுகிறது!

தோழர்களே, ஒரு தட்டு உணவை அலசினோம். அதில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பஞ்சம் இருந்தது. இரு மக்களின் ஓட்டம் இருந்தது. பெண்களின் போர்க்குரல் இருந்தது. "தொன்றுதொட்டு வந்தது" என்று யாரேனும் சொன்னால், எந்த ஆண்டு தொட்டு என்று கேளுங்கள். யார் உழைத்தார், யார் உண்டார், யார் விலை வைத்தார் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விகளே வரலாற்றின் வாயில்.