மயிலாடியில் தனித்திருந்தவர்

மயிலாடி என்றதும் எங்கள் நாஞ்சில் நாட்டாருக்குக் கல்தச்சர்களின் உளியோசை நினைவுக்கு வரும். எனக்கு ரிங்கல்தௌபே பாதிரியாரின் நினைவு வரும்.

லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த இந்த ஜெர்மானியர், மயிலாடி வேதமாணிக்கம் வேண்டிக்கொண்டதன்பேரில் 1806ல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809ல் இங்கே கோயில் எழும்பியது. மனுஷர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. கூட ஊழியம் பார்க்க இன்னொரு வெள்ளைக்காரரும் இல்லை. கைக்கு வந்த சம்பளம் ஏழைகள் கைக்குப் போய்விடும். 1816ல் சபையை வேதமாணிக்கத்திடம் ஒப்புவித்துவிட்டுச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது, உடம்பில் ஒரு கோட்டுகூட இல்லை. தலையில் வைக்கோல் தொப்பி. கப்பலேறினார். அப்புறம் என்ன ஆனார் என்று நிச்சயமாகச் சொல்வாரில்லை.

தனிமை நாடிப் பாலைவனம் புகுந்த எகிப்து அந்தோனியாரைக் கிறிஸ்தவ உலகம் கொண்டாடுகிறது. அவர் ஜனங்களை விட்டு விலகிப் போனவர். இவரோ ஜனங்களுக்கு நடுவே பத்து வருஷம் தனித்திருந்தார். இதுதான் கடினம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? ஒருநாள் பிற்பகல் அந்தக் கோயிலில் தனியே உட்கார்ந்து பார்த்தேன். கால் மணி நேரம் தாங்கவில்லை. பேச்சுத்துணை தேடி டீக்கடைக்கு வந்துவிட்டேன்.