அறையும் வாசலும்: டென்மார்க் வழியே டர்போ இல்லா எஞ்சின்களின் குதிரைத்திறன் வரலாறு

லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒன்பது முறை வென்றவர் டாம் கிறிஸ்டென்சன்; டென்மார்க்கின் ஹோப்ரோ ஊரில் பிறந்தவர். 1997 முதல் 2013 வரை அவருக்கு வெற்றி தந்த கார்கள் ஒன்பது முறையும் டர்போ பூட்டியவை. அவர் நாட்டுக்காரரே ஆன யான் மாக்னுசன் அதே பந்தயத்தில் 2004, 2005, 2006, 2009 ஆகிய நான்கு ஆண்டுகளில் தம் பிரிவில் முதலிடம் பெற்றார். அவர் ஓட்டிய கொர்வெட்டில் டர்போவும் இல்லை, சூப்பர்சார்ஜரும் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே புகுந்தால் என்ன கிடைக்குமோ அதுதான் அந்தக் காரின் வலிமை.

இரண்டாவது வகை எஞ்சினே இக்கட்டுரையின் பொருள். காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி எதுவும் இல்லாமல் அதிலிருந்து குதிரைத்திறனை எப்படிக் கூட்டினார்கள், அந்த முயற்சி எந்தெந்த இடங்களில் முட்டி நின்றது என்பதை டென்மார்க்கோடு தொடர்புடைய வண்டிகள், ஓட்டுநர்கள், பந்தயங்கள் வழியே பார்க்கலாம். ஏன் டென்மார்க் என்று கேட்கலாம். அது கார் ஆலைகளுக்குப் பெயர் போன நாடல்ல. 1919இல் கோபன்ஹேகனில் ஃபோர்டு திறந்தது, வந்திறங்கிய பாகங்களைப் பூட்டும் ஆலை. அதனாலேயே அந்நாடு நமக்குப் பயன்படுகிறது. சொந்தக் கம்பெனியின் பெருமை கண்ணை மறைக்காது. எஞ்சினுக்கு எல்லை வகுத்தது பட்டறையா, விதிப்புத்தகமா என்ற கேள்வி அங்கே தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலும் விதிப்புத்தகம்தான் என்பது என் முடிவு.

அடிப்படைக் கணக்கு எளிது. சிலிண்டருக்குள் அதிகக் காற்றை நிரப்ப வேண்டும். நிரப்பியதை நன்றாக இறுக்க வேண்டும். இதை ஒரு நிமிடத்துக்கு அதிகத் தடவை செய்ய வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் ஹெட்டைத் தேய்ப்பது, கேம் மாற்றுவது, போர்ட்டை அகலப்படுத்துவது, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போடுவது என்று நடப்பதெல்லாம் இம்மூன்றில் ஒன்றுக்காகத்தான். (சைலன்சர் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் கூடுவது சத்தம்தான், அது வேறு கதை.)

நிம்பஸ்: மாறாத 746 சிசி

டேனிஷ் எஞ்சின் வரலாற்றில் இந்தக் கணக்கைத் துல்லியமாகக் காட்டுவது கார் அல்ல, மோட்டார் சைக்கிள். வாக்குவம் கிளீனருக்குப் பெயர் பெற்ற ஃபிஸ்கர் அண்ட் நீல்சன் கம்பெனி 1919இல் நிம்பஸ் என்ற நான்கு சிலிண்டர் வண்டியைக் கொண்டுவந்தது. உறிஞ்சுவதையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனி, தானாக உறிஞ்சும் எஞ்சினையும் செய்தது என்பது எனக்குப் பிடித்த பொருத்தம். பெட்ரோல் டாங்கியாகவும் சட்டமாகவும் இருந்த தடித்த குழாயைப் பார்த்து டேனிஷ்காரர்கள் அதற்கு அடுப்பின் புகைக்குழாய் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எஞ்சின் 746 சிசி, வலிமை ஏறக்குறைய 10 குதிரைத்திறன். லிட்டருக்கு 13 என்று வருகிறது. இன்று சிரிப்பு வரும். ஆனால் அதே ஆண்டில் கோபன்ஹேகனில் பூட்டத் தொடங்கிய ஃபோர்டு மாடல் டி 2.9 லிட்டரிலிருந்து 20 குதிரைத்திறன்தான் தந்தது, லிட்டருக்கு 7.

1934இல் நிம்பஸ் சி வந்தது. சிலிண்டரின் விட்டம் 60 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 66 மில்லிமீட்டர், கொள்ளளவு பழைய 746 சிசி. வலிமை மட்டும் 18 குதிரைத்திறனாகி, பின்னர் 22ஆக உயர்ந்தது. அறை பெரிதாகவில்லை, காற்றின் பாதைதான் மாறியது. பழைய எஞ்சினில் காற்று நுழையும் வால்வ் மேலேயும் புகை வெளியேறும் வால்வ் பக்கத்திலும் இருந்தன. எரியும் இடம் ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்கும் அமைப்பு அது. அங்கே காற்று வளைந்து நெளிந்து போக வேண்டும். அழுத்தத்தையும் ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. புதிய எஞ்சினில் இரண்டு வகை வால்வுகளும் சிலிண்டரின் தலைக்குப் போயின, கேம் ஷாஃப்ட்டும் மேலே ஏறியது. அதைச் சுழற்றச் சங்கிலி இல்லை. எஞ்சினின் முன்புறம் நட்டமாக நிற்கும் டைனமோவின் தண்டே கீழிருந்து சுழற்சியை வாங்கி, பல்சக்கரம் வழியே கேமுக்குக் கொடுத்தது. ஒரே தண்டில் மின்சாரமும் வால்வ் நேரமும். ஓடும் வண்டியில் வால்வ் ஸ்பிரிங்குகள் மூடியின்றித் துள்ளுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம்.

22இல் ஏன் நின்றார்கள்? 4,500 சுழற்சியில் 22 குதிரைத்திறன் என்பது அந்த எஞ்சினின் இறுதி எல்லையாக இருந்திருக்க முடியாது. ஆனால் நிம்பஸை வாங்கியவர்கள் தபால் துறையும் ராணுவமும் சைட்கார் பூட்டிய குடும்பத்தலைவர்களும். அவர்களுக்கு வேண்டியது ஓய்வில்லாத உழைப்பு, உச்ச வேகமல்ல. 1959 வரை ஏறக்குறைய அதே எஞ்சின் வந்துகொண்டிருந்தது. இங்கே எல்லையை வகுத்தது வாடிக்கையாளரின் தேவை.

இடையே ஓர் எதிர்ப்பக்கம். அதே கோபன்ஹேகனில் கப்பல் எஞ்சின் செய்த பர்மைஸ்டர் அண்ட் வைன், 1912இல் செலாந்தியா என்ற டீசல் கப்பலுக்கு எஞ்சின் கொடுத்துப் புகழ் பெற்றது. 1952இல் அக்கம்பெனியின் பெரிய இரு ஸ்ட்ரோக் எஞ்சின் டோர்த்தெ மெர்ஸ்க் என்ற எண்ணெய்க் கப்பலில் டர்போவோடு இறங்கியது. அதே எஞ்சினின் திறன் ஒரே தாவலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. டர்போ வேண்டுமா என்ற விவாதம் கடலில் அன்றோடு முடிந்தது. சாலையில் முடியவில்லை.

வரியும் பந்தயமும்

டென்மார்க்கில் கார் வாங்குவது எளிதல்ல. 1924இல் ஆடம்பர வரியாகத் தொடங்கிய பதிவு வரி, பிற்காலத்தில் மேல் அடுக்கில் 180 சதவீதம் வரை போனது. 2015இல்தான் 150ஆகக் குறைந்தது. 180 சதவீத அடுக்கில் காரின் விலை ஒரு குரோனர் கூடினால் வாங்குபவர் கையிலிருந்து 2.80 குரோனர் போகும். பெரிய எஞ்சினுள்ள காருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கூடுதல் காசும் ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகும் நாட்டில், சிறிய எஞ்சினைப் பிழிந்தெடுக்கும் ஆசை பிறப்பது இயல்பு.

அந்த ஆசைக்குக் களமாக 1955இல் ரோஸ்கில்டேயில், பழைய சரளைக்குழி ஒன்றில், ஒரு சிறு ஓடுதளம் திறக்கப்பட்டது. 1961இல் அங்கே நடந்த டேனிஷ் கிராண்ட் பிரியை ஸ்டிர்லிங் மோஸ் லோட்டஸ் காரில் வென்றார். 1.5 லிட்டர் கிளைமாக்ஸ் எஞ்சின், ஏறக்குறைய 150 குதிரைத்திறன். லிட்டருக்கு 100 என்ற வாசலை டேனிஷ் ரசிகர்கள் தங்கள் ஊரிலேயே கண்டார்கள். 1966இல் சில்கெபோர்க் அருகே யூலாண்ட்ஸ்ரிங்கன் திறந்தது.

அதே ரோஸ்கில்டேயில் 1973இல் பிறந்தவர்தான் யான் மாக்னுசன். 1992இல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு திருவிழாவை வென்றபோது அவர் ஓட்டியது 1.6 லிட்டர் கென்ட் எஞ்சின். அந்தப் பிரிவில் கேமையோ கார்புரேட்டரையோ இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பட்டறைக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆலை அனுமதித்த அளவுகளுக்குள்ளேயே சாதகமான நுனியைத் தேடுவது. பல பிஸ்டன்களை எடை போட்டு ஒத்தவற்றைப் பொறுக்குவது, நான்கு அறைகளின் கொள்ளளவையும் நீரூற்றி அளந்து சமப்படுத்துவது. கோவையில் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் செய்த காலத்திலிருந்து நம்மவர்களும் அறிந்த பொறுமை இது.

லிட்டருக்கு 150

விதி தளர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு கூர்ட் தீம் சான்று. வோயென்ஸில் பிறந்த இந்த டேனிஷ்காரர் 1986இல் ஜெர்மன் டூரிங் கார் பட்டத்தை ரோவர் விட்டெஸில் வென்றார். அதன் 3.5 லிட்டர் வி8, ப்யூக்கிடமிருந்து வந்த பழைய அமெரிக்க வடிவம்; டர்போ கார்களுக்கு நடுவே அது ஈடுகொடுத்தது. பின்னர் மெர்சிடிஸ் 190இ எவல்யூஷன் 2இல் ஏறி 1992இல் இரண்டாமிடம் பெற்றார். அந்தக் காரின் 2.5 லிட்டர் எஞ்சின் சாலை வடிவில் 235 குதிரைத்திறன் தந்தது. பந்தய வடிவில் 9,500 சுழற்சியை ஒட்டி ஏறக்குறைய 370. கொள்ளளவு கூடாமலேயே பாதிக்கு மேல் ஏற்றம். லிட்டருக்கு 150.

கிறிஸ்டென்சனும் இந்தப் பக்கம் இருந்திருக்கிறார். 1998 முதல் 2000 வரை ஹோண்டா அக்கார்டில், முதலில் ஜெர்மனியிலும் பிறகு பிரிட்டனிலும், சூப்பர் டூரிங் பந்தயம் ஓட்டினார். விதி: 2 லிட்டர், டர்போ கூடாது, 8,500 சுழற்சிக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் பொறியாளர்கள் 300ஐத் தொட்டார்கள்.

இங்கே நிம்பஸை மறுபடி அழைக்கிறேன். லிட்டருக்கு 29.5இலிருந்து 150 என்பது 5 மடங்கு. சுழற்சி 4,500இலிருந்து 8,500 ஆனது 1.9 மடங்குதான். மீதி 2.7 மடங்கு எங்கிருந்து வந்தது? அழுத்த விகிதம் 6இலிருந்து 12ஆக இரட்டித்தாலும், கோட்பாட்டுக் கணக்கில் திறன் 51 சதவீதத்திலிருந்து 63க்குத்தான் போகும், 1.23 மடங்கு. இன்னும் 2.2 மடங்கு மிச்சம். நல்ல பெட்ரோல், குறைந்த உராய்வு என்று கொஞ்சம் கழித்தாலும், பெரும்பகுதி காற்று நிரம்பியதால் வந்தது என்றே கொள்ள வேண்டும். பேச்சில் எல்லாரும் சுழற்சியைத்தான் புகழ்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது.

நிரப்புவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். 8,500 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஆயிரத்தில் ஏழு நொடி. நுழைவு வால்வ் திறந்திருப்பது சுற்றில் முக்கால் பங்கு என்றால், ஆயிரத்தில் ஐந்து நொடிக்குள் சிலிண்டர் நிரம்பியாக வேண்டும். பிஸ்டன் இழுப்பது மட்டும் போதாது. குழாயில் ஓடிவரும் காற்றுக்கு எடை உண்டு, உந்தம் உண்டு. பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் அது உள்ளே நெருக்கிக்கொண்டு வரும். வால்வ் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை குழாயின் வாயில் மோதித் திரும்பி வருகிறது. அது வால்வ் மூடுவதற்குச் சற்று முன் வந்து சேரும்படி குழாயின் நீளத்தை வெட்டினால், டர்போ இல்லாமலேயே ஒரு சிறு தள்ளு கிடைக்கும். ஆனால் அந்த நீளம் ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கே பொருந்தும். கீழ்ச்சுழற்சியில் எஞ்சின் தூங்கும்; அதை விழித்திருக்க வைப்பது ஓட்டுநரின் வேலை. 1999இல் தொடங்கிய டேனிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை 2002இல் வென்ற ஜேசன் வாட், விபத்தில் கால்கள் செயலிழந்தவர். கையால் இயக்கும் கட்டுப்பாடுகளை வைத்தே வென்றார் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாசலை அடைத்தபோது

2004 முதல் 2009 வரை டிடிஎம் என்ற ஜெர்மன் டூரிங் கார் பந்தயத்தில் கிறிஸ்டென்சன் ஓட்டிய ஆடி ஏ4 காரில் இருந்தது 4 லிட்டர் வி8. வலிமை ஏறக்குறைய 460 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு 115. முன்பு 150 எடுத்த பொறியாளர் குலம் திறமையை மறந்துவிட்டதா? இல்லை. விதி இடம் மாறியது. முன்பு அறையின் அளவை அளந்தார்கள். இப்போது வாசலை அளந்தார்கள். எஞ்சின் மூச்சிழுக்க 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு துளைகள் மட்டுமே. அத்துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் ஒரு கிராம் கூட வராது. இரண்டு துளை வழியாகவும் நொடிக்கு ஏறக்குறைய 300 கிராம் காற்று. அதற்கேற்ற பெட்ரோலை எரித்து, வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை வேலையாக மாற்றினால், காகிதத்திலேயே 450 சுற்றி வருகிறது.

வாசல் அடைபட்ட பின் சுழற்சியை ஏற்றுவது வீண்; உராய்வுதான் மிஞ்சும். எனவே பட்டறைகள் உராய்வைக் குறைப்பதிலும், வந்த காற்றை முழுதாக எரிப்பதிலும், இழுவையைக் கீழ்ச்சுழற்சிக்கும் பரப்புவதிலும் இறங்கின. மாக்னுசனின் 7 லிட்டர் கொர்வெட்டும் இதே வகை அடைப்போடுதான் ஏறக்குறைய 600 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு 86. லிட்டர்க் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது சரிவு. லெ மான் முடிவுப்பட்டியலில் நான்கு வெற்றி.

ஃபார்முலா 1இல் யான் மாக்னுசன் எடுத்தது ஒரே ஒரு புள்ளி: 1998, கனடா, ஆறாமிடம், டர்போ இல்லாத 3 லிட்டர் ஃபோர்டு வி10. 2014இல் விதி மறுபடி மாறி அங்கே 1.6 லிட்டர் டர்போ கட்டாயமானது. அந்த ஆண்டின் முதல் பந்தயத்தில், மெல்பர்னில், அவர் மகன் கெவின் முதன்முறையாக ஃபார்முலா 1 ஓட்டி இரண்டாமிடம் பெற்றார். 18 புள்ளி.