முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைகள்

முதல் உலகப் போர் 1914 ஜூலை 28 அன்று மூண்டது. அமெரிக்கா அதில் இறங்கியதோ 1917 ஏப்ரல் 6 அன்றுதான். கடைசி 19 மாதங்கள் மட்டுமே போரில் இருந்த அந்நாடு, 20 லட்சம் வீரர்களை அட்லாண்டிக் கடலைக் கடந்து பிரான்சுக்கு அனுப்பியது. அந்தப் போர்க்காலத்தில் 1,16,516 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது எதிரியின் குண்டு அல்ல, நோய்.

போர் தொடங்கியதும் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் நடுநிலையை அறிவித்தார். ஆனால் வணிகம் நடுநிலையாக இருக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியைக் கடல்வழியே முற்றுகையிட்டிருந்ததால் அமெரிக்கக் கோதுமையும் பஞ்சும் வெடிமருந்தும் ஒரு தரப்புக்கே போய்ச் சேர்ந்தன. 1915 அக்டோபரில் ஜே.பி. மார்கன் வங்கியின் ஏற்பாட்டில் பிரிட்டனும் பிரான்சும் 50 கோடி டாலர் கடன் பெற்றன. ஜெர்மனி தன் நீர்மூழ்கிக் கப்பல்களை ஏவியது. 1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரைக்கு அருகே லூசிடானியா பயணிகள் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அவர்களில் 128 பேர் அமெரிக்கர். அப்போதும் வில்சன் போருக்குப் போகவில்லை. நாட்டைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர் என்ற பிரசாரத்தோடுதான் 1916 தேர்தலில் மீண்டும் வென்றார்.

அந்த நிலையை மாற்றியவை இரண்டு. 1917 பிப்ரவரி 1 முதல், எந்த நாட்டுக் கப்பலானாலும் எச்சரிக்கையின்றித் தாக்குவோம் என்று ஜெர்மனி அறிவித்தது. அதற்குச் சற்று முன்புதான் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவுக்கு ஒரு ரகசியத் தந்தி அனுப்பியிருந்தார். அமெரிக்காவோடு போர் மூண்டால் மெக்சிகோ தம் பக்கம் சேர வேண்டும், பதிலுக்கு டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா பகுதிகளை மீட்டுக்கொள்ளலாம் என்றது அந்தத் தந்தி. பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறை அதன் சங்கேதத்தை உடைத்து வாஷிங்டனிடம் கொடுத்தது. மார்ச் 1 அன்று செய்தித்தாள்களில் அது வெளிவந்ததும் நாடு கொதித்தது. ஏப்ரல் 2 அன்று வில்சன் காங்கிரசிடம் போர்ப் பிரகடனம் கேட்டார். செனட்டில் 82-க்கு 6, பிரதிநிதிகள் சபையில் 373-க்கு 50 என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் மொன்டானாவின் ஜெனட் ரேங்கின், அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1941-இல் ஜப்பான் மீதான போர்ப் பிரகடனத்தையும் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே.

போரை அறிவித்த நாட்டிடம் அன்று பெரிய படை இல்லை. நிரந்தரத் தரைப்படையினர் சுமார் 1,27,000 பேர்தான். 1917 மே 18 அன்று கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது; போர் முடிவதற்குள் அதன்கீழ் 28 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். ஆள் கிடைத்தார்கள், ஆயுதம் போதவில்லை. அமெரிக்கர்கள் களத்தில் பயன்படுத்திய பீரங்கிகள், டாங்குகள், விமானங்களில் பெரும்பகுதி பிரான்சு கொடுத்தவை. வீரர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கடல் கடந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களில்தான். முதல் துருப்புகள் 1917 ஜூன் இறுதியில் சென்-நசேர் துறைமுகத்தில் இறங்கின. தளபதி ஜான் பெர்ஷிங் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே இல்லை: தம் வீரர்கள் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளின் காலியிடங்களை நிரப்பப் போவதில்லை, தனிப்படையாகவே போரிடுவார்கள். இந்தப் பிடிவாதத்தால் பயிற்சியிலேயே பல மாதங்கள் கழிந்தன.

இதனிடையே ரஷ்யா போரிலிருந்து விலகியது. கிழக்கில் விடுபட்ட படைகளை மேற்கே குவித்து ஜெர்மனி 1918 மார்ச் 21 அன்று பெருந்தாக்குதலைத் தொடங்கியது. அமெரிக்கர்களின் முதல் தனித் தாக்குதல் மே 28 அன்று கான்டிக்னி கிராமத்தில் நடந்தது. ஜூன் மாதம் முழுக்க பெல்லோ காட்டில் மரைன் படையினர் மரத்துக்கு மரம் போராடினார்கள். செப்டம்பர் 12 அன்று பெர்ஷிங்கின் சொந்தப் படை சென்-மியேல் பகுதியைத் தாக்கி நான்கே நாளில் மீட்டது. செப்டம்பர் 26 முதல் நவம்பர் 11 வரை நீண்ட மியூஸ்-ஆர்கோன் போரில் 12 லட்சம் அமெரிக்கர் ஈடுபட்டனர். 26,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்க வரலாற்றில் இத்தனை உயிரைக் குடித்த போர்க்களம் வேறில்லை. பயிற்சி முடியாத இளைஞர்களை, நான்கு ஆண்டுகளாக அரண் அமைக்கப்பட்ட குன்றுகளின் மீது நேருக்கு நேர் ஏவியதே இதற்கு முக்கியக் காரணம்.

அமெரிக்காதான் போரை வென்று கொடுத்தது என்பது மிகை. பிரான்சு மட்டுமே 13 லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்திருந்தது. ஆனால் 1918 கோடையில் மாதத்துக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய ஆட்கள் கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மனியால் அந்த எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

கறுப்பின வீரர்களின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். சுமார் 2 லட்சம் பேர் ஐரோப்பா சென்றனர்; பெரும்பாலோருக்குக் கிடைத்தது துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையும் பிணம் புதைக்கும் வேலையும்தான். நியூயார்க்கின் 369-ஆவது ரெஜிமென்டை பெர்ஷிங் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தார். எந்தப் பிரிவையும் தரமாட்டேன் என்றவர் இவர்களைக் கொடுத்தது கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுத் தலைக்கவசம் அணிந்து அவர்கள் 191 நாட்கள் முன்வரிசையில் நின்றார்கள். 1918 மே நடுவில் ஓர் இரவு, ஆர்கோன் காட்டோரக் காவல் நிலையில் ஹென்றி ஜான்சனும் நீடம் ராபர்ட்ஸும் இருந்தபோது ஜெர்மன் ரோந்துக் குழு ஒன்று சூழ்ந்தது. ராபர்ட்ஸ் படுகாயமடைந்தார். ஜான்சன் கையெறி குண்டுகளை வீசினார். தீர்ந்ததும் சுட்டார், துப்பாக்கி அடைத்துக்கொண்டது. அதன் அடிக்கட்டையால் அடித்தார், அது உடைந்தது. பிறகு இடுப்பிலிருந்த கத்தியை உருவினார். 21 காயங்களோடு நண்பரைக் காப்பாற்றினார். பிரான்சு அவருக்குப் போர்ச் சிலுவைப் பதக்கம் அணிவித்தது. அமெரிக்கா அன்று எதுவும் தரவில்லை.

பிறகு வந்தது இன்ஃபுளுவென்சா எனும் விஷக்காய்ச்சல். நியூயார்க் துறைமுகத்தில் பறிமுதலான ஜெர்மன் சொகுசுக் கப்பல் 'ஃபாட்டர்லாந்து' 'லெவயத்தன்' என்ற பெயரில் துருப்புக் கப்பலானது. 1918 செப்டம்பர் 29 அன்று சுமார் 9,000 வீரர்களோடு அது புறப்பட்டது. அடுக்கடுக்கான படுக்கைகள், காற்றில்லாத அறைகள். பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தை எட்டுவதற்குள் ஏறத்தாழ 2,000 பேர் காய்ச்சலில் விழுந்தனர். போர் நிறுத்தத்துக்கு ஆறு வாரமே இருந்த நேரம் அது.

உள்நாட்டிலும் கெடுபிடி மிகுந்தது. 1917-இன் உளவுச் சட்டம் போரை எதிர்த்துப் பேசியவர்கள் மீது பாய்ந்தது. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் ஒரு சொற்பொழிவுக்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். 1920-இல் சிறையிலிருந்தபடியே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். இந்திய விடுதலைக்காகக் கலிபோர்னியாவில் இயங்கிய கதர் கட்சியினர் மீது சான் பிரான்சிஸ்கோவில் 1917 நவம்பரில் தொடங்கிய வழக்கும் இந்தக் காலத்ததே. ஜெர்மனியோடு சேர்ந்து சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1918 ஏப்ரலில் வழக்கின் கடைசி நாளன்று குற்றம் சாட்டப்பட்ட ராம் சந்திரா நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ரஷ்யாவின் வடபகுதிக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டிருந்த அமெரிக்க வீரர்களுக்கு மட்டும் ஓய்வில்லை. கடைசிப் பிரிவு 1920-இல்தான் திரும்பியது. வில்சன் கனவுகண்ட சர்வதேச சங்கத்தில் சேர செனட் மறுத்துவிட்டது.

திரும்பியவர்களுக்கு நாடு பட்ட கடன் மெல்லத்தான் தீர்ந்தது. 1924-இல் வாக்களித்த ஊக்கத்தொகை 1945-இல்தான் கைக்கு வரும் என்றது சட்டம். பெருமந்தத்தில் வேலையிழந்த முன்னாள் வீரர்கள் 1932-இல் குடும்பத்தோடு வாஷிங்டனில் குடிசை போட்டு அதை உடனே கேட்டார்கள். ஜூலை 28 அன்று ராணுவமே டாங்குகளோடு வந்து அவர்களைத் துரத்தியது. தொகை 1936-இல் கிடைத்தது. பிரான்சில் ராணுவச் சீருடையோடு தொலைபேசி இணைப்பகங்களை இயக்கிய 200-க்கும் மேற்பட்ட பெண்களை முன்னாள் படையினராக ஏற்கும் சட்டம் 1977-இல்தான் வந்தது. ஹென்றி ஜான்சன் 1929-இல் இறந்தார். அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது 2015 ஜூனில், ஆர்கோன் காட்டின் அந்த இரவுக்கு 97 ஆண்டுகள் கழித்து.