சரமும் எண்ணும் கலந்த கோவைகள்

நிரலாக்கத்தில் எண்களும் எழுத்துச் சரங்களும் ஒரே கோவையில் கலந்து வரும்போது, அதிலுள்ள செயற்குறிகள் எந்த வரிசையில் செயற்படுகின்றன என்பதைப் பொறுத்து விடை மாறுபடும். 1995இல் வெளிவந்த ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் + என்னும் ஒரே குறி எண்களைக் கூட்டவும் சரங்களை இணைக்கவும் பயன்படுவதே இதற்குக் காரணம் ஆகும். பிழைச்செய்தி எதுவுமின்றித் தவறான எண் அச்சாகக்கூடும்.

எடுத்துக்காட்டு

சிங்கப்பெருமாள் கோவில் - திருப்பெரும்புதூர் சாலையிலுள்ள ஒரகடத்தில், ஓர் ஆலையில் பகல் ஷிப்டில் 120 பாகங்களும் இரவு ஷிப்டில் 35 பாகங்களும் செய்யப்பட்டன எனக் கொள்வோம். ஜாவாவில் விடைகள் பின்வருமாறு அமையும்:

* 120 + 35 + " பாகங்கள்" → 155 பாகங்கள்
* "மொத்தம்: " + 120 + 35 → மொத்தம்: 12035
* "மொத்தம்: " + (120 + 35) → மொத்தம்: 155
* "மொத்தம்: " + 120 * 2 → மொத்தம்: 240

+ குறி இடமிருந்து வலமாகச் செயற்படும். முதற்கோவையில் இரு எண்கள் முதலில் சந்திப்பதால் கூட்டல் நிகழ்கிறது. இரண்டாவதில் சரத்துடன் 120 இணைந்து புதிய சரமாகிவிடுவதால், அடுத்து வரும் 35-உம் ஒட்டப்படுகிறது. மூன்றாவதில் அடைப்புக்குறி கூட்டலை முற்படுத்துகிறது. நான்காவதில் பெருக்கலுக்கு முன்னுரிமை மிகுதி.

பிற மொழிகளில்

* ஜாவாஸ்கிரிப்ட்: "120" + 35 என்பது "12035" என்னும் சரத்தையும், "120" - 35 என்பது 85 என்னும் எண்ணையும் தரும். இணையப் படிவத்தின் உரைப்பெட்டியிலிருந்து பெறும் மதிப்பு சரமாகவே இருப்பதால், கூட்டும் முன் அதனை எண்ணாக மாற்றுதல் வேண்டும்.
* பி.எச்.பி.: இணைப்புக்குப் புள்ளி பயன்படுகிறது. முன்னர் புள்ளிக்கும் + குறிக்கும் ஒரே முன்னுரிமை இருந்தது. எனவே "மொத்தம்: " . 120 + 35 என்பதில் "மொத்தம்: 120" என்ற சரம் சுழியமாகக் கொள்ளப்பட்டு, 35 மட்டுமே கிடைத்தது. 2020இல் வெளிவந்த 8ஆம் பதிப்பில் + குறிக்கு முன்னுரிமை உயர்த்தப்பட்டதால் "மொத்தம்: 155" கிடைக்கிறது.
* சி, சி++: மேற்கோளிட்ட சரத்துடன் 1ஐக் கூட்டினால் இணைப்பு நிகழாது, சரத்தின் முகவரி ஒரு பைட்டு நகரும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியுருவும் 3 பைட்டுகள் கொண்டது என்பதால் முதலெழுத்து சிதையும்.
* பைத்தான்: சரத்தையும் எண்ணையும் + குறியால் சேர்த்தால் வகைப்பிழை எழும், எண்ணை வெளிப்படையாகச் சரமாக்குதல் வேண்டும்.

தமிழ்நாட்டின் 2018, 2019ஆம் ஆண்டுகளின் புதிய மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்களில் 11ஆம் வகுப்பில் சி++ மொழியும், 12ஆம் வகுப்பில் பைத்தானும் இடம்பெற்றன. அவ்வரிசையில் பயிலும் மாணவர் ஒரே + குறிக்கு இருவேறு பொருள்களைக் காண்பார். கணக்கீட்டை முதலில் தனி மாறியில் முடித்துவிட்டுப் பின்னர் சரத்துடன் இணைப்பது எம்மொழிக்கும் பொருந்தும் வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* தரவு வகை
* சரம்
* நிரல்மொழி