காவிரிப் படுகையில் பாம்புக்கடி முதலுதவி

கடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும் வரை உடனிருப்பவர் செய்யும் உதவியே பாம்புக்கடி முதலுதவி. தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தைச் சுற்றி வயல், தென்னந்தோப்பு, உப்பளம் மூன்றும் உண்டு. நெல் உள்ள இடத்தில் எலி. எலி உள்ள இடத்தில் பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே இந்தியாவில் பெரும்பாலான பாம்புக்கடி இறப்புகளுக்குக் காரணம்.

தஞ்சாவூர் மாத்திரை

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘தஞ்சாவூர் மாத்திரை’ பாம்புக்கடிக்குப் பெயர் பெற்றிருந்தது. அதில் பாஷாணம் கலந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் இத்தகைய மருந்துகளை விலங்குகளிடம் சோதித்துப் பார்த்தார். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவரது நூல் 1796-இல் வெளிவந்தது. கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் அவர் பெயரே உள்ளது.

இத்தகைய மருந்துகள் பலித்ததாகத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. நச்சுப் பாம்பு கடிக்கும்போதெல்லாம் நஞ்சு இறங்குவதில்லை; நஞ்சற்ற பாம்புகளும் கடிக்கின்றன. பிழைத்தவர் மருந்தைப் புகழ்ந்தார், இறந்தவர் பேசவில்லை.

கட்டும் கீறலும்

1872-இல் கல்கத்தாவில் பணியாற்றிய ஜோசப் ஃபேரர் இந்திய நச்சுப் பாம்புகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கடிவாய்க்கு மேல் இறுகக் கட்டுதல், கீறுதல், சுடுதல் ஆகியவையே அக்காலத்து முதலுதவி. 1904-இல் கீறிய இடத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தேய்க்கும் முறையும் பரிந்துரைக்கப்பட்டது. இதற்கெனச் சிறு கத்தியும் மருந்தும் ஒன்றாக அமைந்த கருவி உருவானது.

இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகலாம். விரியன் நஞ்சு இரத்தத்தை உறைய விடாது. கீறினால் பெருக்கு நிற்காது. பெர்மாங்கனேட் சதையை அரித்தது. உடலில் பரவிய நஞ்சை அது தொடவில்லை. ஆயினும் கட்டும் கீறலும் முதலுதவிப் பாடங்களில் நெடுங்காலம் நீடித்தன. வகுப்பில் அவ்வாறு கற்பித்த ஆசிரியர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர்.

நஞ்சுமுறி மருந்து

1890-களில் ஆல்பெர் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் நஞ்சுமுறி மருந்தை உருவாக்கினார். சிறிது சிறிதாக நஞ்சு ஏற்றப்பட்ட குதிரையின் இரத்தத்திலிருந்து அது எடுக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைத் தருவதில் தமிழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் தொழிலை இழந்த இருளர்கள், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நால்வகைப் பாம்புகளின் நஞ்சும் எடுக்கப்படுகிறது.

இன்றைய முறை

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024-இல் அறிவித்தது. இன்றைய முதலுதவி எளிது:

- கடிபட்டவரை நடக்க விடாமல் அமைதிப்படுத்த வேண்டும்.
- மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்ற வேண்டும்.
- எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் மட்டை வைத்துக் கை காலை அசையாமல் வைக்க வேண்டும்.
- கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் கூடாது. யாரேனும் முன்பே கட்டியிருந்தால் மருத்துவரே அவிழ்க்கட்டும்.
- பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. வலியும் தடமும் தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலியும், இமை தாழ்ந்து கண் திறக்க முடியாத நிலையும் கண்டால் கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கட்டுப் போடக் கற்ற தலைமுறைதான் இன்று வீட்டுப் பெரியவர்கள். கயிற்றை எடுக்கும் தாத்தாவின் கையைப் பேரக்குழந்தை தடுத்தால், அந்தப் பிள்ளை சரியாகப் படித்திருக்கிறது.